பாலக்கோட்டிலிருந்து கண்டிச் சீமைக்கு: சேவையும் சுற்றுலாவும் சேர்ந்த குடும்பப் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அம்மாவின் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். மழை பொய்த்த ஒரு வருஷம், ஊருக்குள் ஆள் திரட்ட வந்த கங்காணியோடு இலங்கையின் கண்டிச் சீமைக்குப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. ஒரே ஒரு கடுதாசி வந்தது, அதையும் கரையான் தின்றுவிட்டது என்று அம்மா சொல்வார். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் அன்று சேலம் ஜில்லாவுக்குள் இருந்தன. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய ஜில்லாக்களில் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரத்தோடு சேலமும் ஒன்று. நம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள், இப்படிப் ‘போனவர்’ ஒருவர் எங்காவது இருப்பார்.

பிள்ளைகளுக்கு வெளிநாடு காட்ட வேண்டும், அந்தப் பயணத்தில் யாருக்காவது உபயோகமாக நாலு நாள் உழைக்கவும் வேண்டும் என்று நாங்கள் பேசத் தொடங்கியபோது, அம்மாதான் இலங்கை மலையகத்தைச் சொன்னார். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. நான் பாலக்கோட்டில் சின்னதாக ஒரு பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மனைவி அங்கன்வாடிப் பணியாளர். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. ஐந்து பேரும் ஒரு மே மாதத்தின் பின்பாதியில் பத்து நாள் போய் வந்தோம். அதற்கு முன்னால் எட்டு மாதம் தயாரானோம். அந்த எட்டு மாதத்தில் கற்றதைத்தான் பெரும்பாலும் இங்கே எழுதுகிறேன். பயணம் நன்றாக அமைவதும் அமையாததும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

முதல் படி: உங்கள் கையில் என்ன தொழில் இருக்கிறது என்று பாருங்கள்

‘சேவை செய்யப் போகிறோம்’ என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் நடக்காது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அன்றாடம் கை பழகிய வேலையாக இருக்க வேண்டும். எனக்குப் பைண்டிங், மனைவிக்குக் குழந்தைகளோடு விளையாட்டுப் பொருள் செய்வது, அம்மாவுக்குக் கேழ்வரகுச் சமையல், மகளுக்குக் கதை வாசிப்பது. மகனுக்கு எதுவும் எழுதவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் கடமையை ஏற்ற வேண்டியதில்லை. அங்குள்ள பிள்ளைகளோடு பந்து விளையாடினாலே போதும்.

தெரியாத வேலையைச் செய்யக் கிளம்பாதீர்கள். சுவர் கட்டத் தெரியாத நாலு பேர் வெளிநாடு போய்ச் சுவர் கட்டினால், அந்த ஊர்க் கொத்தனாரின் நாலு நாள் கூலி போகும். சுவரும் கோணலாக நிற்கும்.

இரண்டாம் படி: முதலில் உள்ளூரில் ஒத்திகை

நம் இரண்டு மாவட்டங்களிலும் அணைக்கட்டு ஓரங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. வெளியார் உள்ளே போக அனுமதி வேண்டும், வாங்கிக்கொண்டு போங்கள். நாங்கள் ஆறு ஞாயிற்றுக்கிழமை ஒரு முகாமில் பிள்ளைகளின் கிழிந்த பாடப்புத்தகங்களை பைண்டிங் செய்து கொடுத்தோம். முதல் வாரம் மகன் ஒரு மணி நேரத்தில் சலித்துப்போனான். மகள் கூச்சத்தில் வாயே திறக்கவில்லை. நாலாவது வாரம் இருவரும் தாங்களாகவே பையை எடுத்துவைத்தார்கள். இங்கே ஆறு ஞாயிறு தாக்குப்பிடிக்காத குடும்பம் அங்கே நாலு நாள் தாக்குப்பிடிக்காது. அப்படித் தெரிந்தால் சேவைப் பகுதியை விட்டுவிட்டுச் சுற்றுலா மட்டும் போய் வாருங்கள், அதில் தவறே இல்லை.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாகி, அடுத்த இருபது வருஷங்களில் மலையகத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மட்டுமின்றி மற்ற மாவட்டங்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது தெரிந்துகொண்டால், அங்கே இன்னும் இருக்கும் சொந்தங்கள் மூலம் நம்பகமான ஒரு கதவு திறக்கும். எங்களுக்குத் திறந்தது அந்தக் கதவுதான். அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வாசிப்பறை நடத்தும் இளைஞர்களின் தொடர்பு அப்படித்தான் கிடைத்தது.

மூன்றாம் படி: அவர்களைக் கேளுங்கள், பிறகு திட்டம் போடுங்கள்

வழிகாட்டி முழுவதிலும் முக்கியமான படி இது. அந்த இளைஞர்களுக்கு முதல் கடிதத்திலேயே மூன்று கேள்வி எழுதினோம். உங்களுக்கு இப்போது எது தேவை? நாங்கள் வராவிட்டால் அதை யார் செய்வார்கள்? நாங்கள் போன பிறகு அது யார் கையில் இருக்கும்?

புத்தகம் வேண்டும் என்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் எழுதிய பதில் வேறு: ‘புத்தகம் நிறையப் பேர் கொடுத்துவிட்டார்கள் அண்ணே. மழையிலும் பனியிலும் முதுகு விட்டுப் போகிறது. ஒட்டினால் பூஞ்சை பிடிக்கிறது. தைக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.’

அந்த ஒரு பதிலில் எங்கள் வேலை முடிவாகிவிட்டது. நானே புத்தகம் தைப்பதைவிட ஆறு பேருக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்து, கருவிகளை அங்கேயே விட்டுவிட்டு வருவது.

எந்த நாட்டுக்குப் போனாலும் உங்களை அழைப்பவர் யார் என்று சரிபாருங்கள். தொண்டு நிறுவனம் என்றால் அந்த நாட்டில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். இலங்கையில் இதற்கென அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் இருக்கிறது. அரசுப் பள்ளிக்குள் போக அதிபரின் சம்மதம் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள் (தலைமையாசிரியரை அங்கே அதிபர் என்பார்கள்). வலயக் கல்வி அலுவலகத்தையும் கேட்கச் சொல்லுங்கள். தோட்டத்துக்குள் வேலை என்றால் தோட்ட நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இதையெல்லாம் அழைப்பவர்கள் செய்துவைப்பார்கள், ஆனால் கேட்க வேண்டியது நாம்.

நான்காம் படி: எதைச் செய்யக்கூடாது என்று வீட்டில் பேசி முடியுங்கள்

ஆரம்பத்தில் ஒரு முகவர் எங்களுக்கு வேறொரு நாட்டுக்கு ‘சேவைச் சுற்றுலா’ ஒன்றைச் சொன்னார். காலையில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் இரண்டு மணி நேரம், மதியம் படகுச் சவாரி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மனைவிதான் நிறுத்தினாள். “தினம் ஒரு புது ஆள் வந்து தூக்கிக் கொஞ்சிட்டுப் போனா, அந்தப் புள்ளை மனசு என்னாகும்?” என்று கேட்டாள்.

அவள் கேள்விக்குப் பின்னால் பெரிய விஷயம் இருக்கிறது. உலகம் முழுவதும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டார் வந்து பணம் தருகிறார்கள் என்பதற்காகவே நேபாளம், கம்போடியா போன்ற நாடுகளில் கிராமத்துக் குழந்தைகளைக் கொண்டுவந்து இல்லங்களை நிரப்பிய கொடுமை நடந்திருக்கிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று, இந்த இல்லங்களைச் சுற்றி நடக்கும் தன்னார்வத் திட்டங்களும் சுற்றுலாவும் குழந்தைக் கடத்தலுக்கு வழிவிடும் என்று எச்சரித்தது. ஆகவே குழந்தைகள் இல்லத்துக்கு ‘ஒருநாள் விசிட்’ எந்த நாட்டிலும் வேண்டாம். பிறந்தநாள் கேக் வெட்டவும் வேண்டாம்.

மருந்து கொண்டுபோய்க் கொடுப்பதும் அப்படித்தான். வீட்டில் மிச்சமான மாத்திரை, டாக்டர் கொடுத்த சாம்பிள் எல்லாம் நல்லெண்ணத்தில் மூட்டையில் ஏறிவிடும். தானமாகத் தரும் மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருஷமாவது மீதம் இருக்க வேண்டும், ஒருவருக்குக் கொடுத்து மிஞ்சியதாக இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சுங்கத்திலும் சிக்கல் வரும். உங்கள் குடும்பத்தில் மருத்துவர் இருந்தாலும், அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் அங்கே வைத்தியம் பார்க்க முடியாது.

நாங்களும் ஒரு தவறு செய்தோம். இவ்வளவு கேட்டும், கடைசி வாரம் ஆசை தாங்காமல் நம் ஊர் சமச்சீர்ப் பாடப்புத்தகங்களை இரண்டு பெட்டி கட்டினோம். கூடுதல் எடைக்குப் பணமும் கட்டினோம். அங்கே போய்ப் பிரித்தால், அவர்கள் பாடத்திட்டம் வேறு, கலைச்சொல் வேறு, தேர்வு முறை வேறு. எழுத்து ஒன்றுதான், ஆனால் அந்தப் புத்தகத்தை வைத்து அந்தப் பிள்ளை எந்தத் தேர்வும் எழுத முடியாது. அந்த இளைஞர்கள் மரியாதைக்காக வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய சின்ன அலமாரியில் இரண்டு தட்டை நாங்கள் அடைத்துவிட்டு வந்தோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஐந்தாம் படி: காலத்தைப் பொருத்துவது

நம் பிள்ளைகளுக்கு விடுமுறை இருக்க வேண்டும், அங்கே பள்ளி திறந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சேரும் வாரங்கள் குறைவு. ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டுக்கும், டிசம்பரிலும் அங்கே பள்ளிகள் மூடியிருக்கும். மே மாதம் இரண்டு பக்கமும் ஒத்துவரும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும் என்பதுதான் அதில் உள்ள குறை. பௌர்ணமி தோறும் ‘போயா’ விடுமுறை உண்டு, அன்று இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும், அலுவலகங்களும் இயங்காது. நாட்காட்டியில் முதலில் அதைக் குறித்துக்கொண்டு மற்ற தேதிகளைப் போடுங்கள்.

2025 நவம்பரில் டிட்வா புயல் மலையகத்தை மிக மோசமாகத் தாக்கியது. மண்சரிவில் லயங்களும் (தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள்) வீதிகளும் ரயில் பாதையும் சேதமாயின. இப்போது போகிறவர்கள் எந்த வீதி திறந்திருக்கிறது, எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று அழைப்பவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். மீட்பு வேலை நடக்கும் இடத்தில் கூட்டமாகப் போய் நிற்பது யாருக்கும் உதவாது.

ஆறாம் படி: காகிதங்கள்

பாஸ்போர்ட்டை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையங்கள் வந்தபிறகு இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. இணையத்தில் பதிவு செய்யும்போதே எந்த மையத்தில் எந்தத் தேதி காலி என்று தெரியும். 36 பக்கப் புத்தகத்துக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், பதினெட்டு வயதுக்குக் கீழ் 1,000 ரூபாய், தட்கல் என்றால் கூட 2,000. அறுபது தாண்டியவர்களுக்கும் எட்டு வயதுக்குக் கீழானவர்களுக்கும் புதிய விண்ணப்பத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி. பிள்ளைகளுக்கு இணைப்பு ‘டி’ என்ற படிவத்தில் தாய், தகப்பன் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து வருஷம் செல்லும். சிறுவர்களுடையது ஐந்து வருஷம், அல்லது பதினெட்டு வயது ஆகும்வரை, எது முந்தியோ அது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பிள்ளையினுடையது காலாவதியாகிவிட்டதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

பெயரில் ஒரு கவனம் வேண்டும். நம் பக்கம் பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் விரித்து எழுதிய அப்பா பெயர், வாக்காளர் அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று இருக்கும். அம்மாவின் பெயரைச் சரிசெய்யவே எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. விமானச் சீட்டு பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.

இலங்கைக்கு மின்னணுப் பயண அனுமதி (இ.டி.ஏ.) வேண்டும். கட்டணமும் விதியும் சில வருஷங்களாக அடிக்கடி மாறுகின்றன, எனவே அரசின் அதிகாரபூர்வ இ.டி.ஏ. தளத்தில் மட்டும் பாருங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் நிறைய உண்டு. சுற்றுலா அனுமதியில் வேலை செய்யக்கூடாது. சம்பளம் வாங்காத வேலையையும் வேலையாகவே கருதும் நாடுகள் பல உண்டு. நீங்கள் செய்யப்போவது என்ன, எத்தனை நாள் என்று சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிவரவு மேசையில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அரசு ஊழியர்களுக்குத் துறை அனுமதி தனியாக வேண்டும். பிள்ளை ஒரு பெற்றோரோடு மட்டும் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் இருக்கட்டும்.

ஏழாம் படி: பணம்

இரண்டு உறை போடுங்கள். பயணச் செலவு ஒன்று, சேவைக்கான பணம் ஒன்று. இரண்டையும் கலக்காதீர்கள். சேவைப் பணத்தை யாருடைய கையிலும் தனியாகத் திணிக்க வேண்டாம். லயத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டில் மனத்தாங்கல் வரும், நாம் ஊர் திரும்பிவிடுவோம், அது அங்கேயே தங்கும். பொது அமைப்பிடம், ரசீதோடு, எல்லோர் முன்னாலும் கொடுங்கள். முடிந்தால் பணமாகத் தராமல் அங்குள்ள கடையிலேயே பொருளாக வாங்குங்கள். தாள், அட்டை, துணி, நூல் எல்லாம் நான் அட்டன் கடைத்தெருவில்தான் வாங்கினேன். அடுத்த மாதம் அவர்களாகப் போய் வாங்க அந்தக் கடை அங்கே இருக்கும்.

வெளிநாட்டு அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கு நம் வருமான வரியில் 80ஜி சலுகை கிடையாது. 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யு.பி.ஐ. செல்லும், நகரத்துக் கடைகளில் வசதியாக இருக்கிறது. தோட்டத்துப் பக்கம் ரொக்கம்தான்.

எட்டாம் படி: பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கூட்டிப்போங்கள்

ஏழை மக்களைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை போய் இறங்கக்கூடாது. யாருடைய வீட்டுக்குப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் என்று இரண்டு மாதம் பேசினோம்.

1820களில் காப்பித் தோட்டத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869-ல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்து தோட்டங்கள் அழிந்தன. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் பயிரிட்டிருந்த தேயிலை பிறகு மலை முழுக்கப் பரவியது. நாடு சுதந்திரமடைந்ததும், 1948 குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை முழுதாகக் கிடைக்க 2003 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருநூறு வருஷ நினைவாக 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் அதே வழியில் நடந்தார்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு மகள், “நம்ம தாத்தாவோட தம்பியும் நடந்தாராப்பா?” என்றாள். அவர் காலத்தில் ரயில் வந்துவிட்டது என்றேன். அவள் தேயிலையை வெறும் டீத்தூளாகப் பார்ப்பது அன்றோடு நின்றது.

சில சொற்களையும் பழக்கினோம். லயம், கொழுந்து, பிரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம்), கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது), பிள்ளைக்காம்பரா (தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் இடம்). நம் கேழ்வரகு அங்கே குரக்கன்.

படம் எடுப்பதில் ஒரே விதி வையுங்கள்: பெற்றவரைக் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் எடுக்கக்கூடாது, எடுத்ததைப் பொதுவெளியில் போடக்கூடாது.

ஒன்பதாம் படி: உடம்பும் மூட்டையும்

கிளம்ப ஒரு மாதம் முன்பு குடும்ப மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ், டைபாய்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசிகள் பற்றிக் கேளுங்கள். 2016-ல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நாம் மலேரியா இருக்கும் நாட்டிலிருந்து போகிறோம். அங்கே காய்ச்சல் கண்டால் இந்தியாவிலிருந்து வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டெங்கு அங்கும் உண்டு, கொசுவிரட்டி அவசியம். அம்மாவின் பிரஷர் மாத்திரையைச் சீட்டோடு இரண்டு பைகளில் பிரித்து வைத்தோம். பெரியவர்களுக்கு முன்பே உள்ள நோயையும் சேர்க்கும் பயணக் காப்பீடு எடுங்கள்.

நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம். ஏற்காட்டுக் குளிருக்கு எடுத்த ஸ்வெட்டர் போதாது. மழைக்கோட்டு, நல்ல பிடிப்புள்ள செருப்பு, அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலம். அழைப்பவர் வீட்டுக்கு மல்கோவா ஒரு கூடை கொண்டுபோகக் கிருஷ்ணகிரிக்காரர்கள் ஆசைப்படுவார்கள். பழம், விதை, செடி, மண் எதையும் எடுத்துப்போக வேண்டாம், தாவரத் தனிமைப்படுத்தல் விதி இருக்கிறது. நாங்கள் பொட்டுக்கடலை உருண்டையும் முறுக்கும் அடைத்தே விற்கும் பொட்டலமாக வாங்கிப் போனோம்.

பத்தாம் படி: போய்ச் சேர்வது

நமக்குப் பக்கத்து விமான நிலையம் பெங்களூரு. தேவனஹள்ளி நகரத்தின் வடகோடியில் இருப்பதால், ஓசூர் தாண்டிய பிறகுதான் உண்மையான பயணமே தொடங்குகிறது. சில்க் போர்டு நெரிசலுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். கொழும்புக்கு விமானம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். சென்னை, திருச்சியிலிருந்தும் போகலாம். யாழ்ப்பாணம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதை நிறுத்திவிடுவார்கள்.

வேலை முதலில், ஊர் சுற்றுவது பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் நாள் பயணம், அடுத்த நாள் ஓய்வு, பிறகு நாலு நாள் தோட்டம், மூன்று நாள் சுற்றல், கடைசி நாள் திரும்புவது என்று பிரித்தோம். மாற்றிச் செய்தால் சுற்றிக் களைத்த உடம்போடு வேலைக்குப் போய் நிற்பீர்கள்.

பதினோராம் படி: அந்த நாலு நாள்

காலையில் அங்கே எல்லோரும் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள். அப்போது போய் நிற்காதீர்கள், ஒரு நாள் பேர் போனால் அவர்களுக்குக் கூலி போகும். மாலை நாலரைக்கு மேல்தான் எங்கள் வகுப்பு. பகலில் நான் சாமான்களைத் தயார் செய்வேன். மனைவி நிர்வாகத்தின் அனுமதியோடு பிள்ளைக்காம்பராவுக்குப் போவாள். அங்கேயும் குழந்தைகளைத் தான் எடுத்து வைத்துக்கொள்ளாமல், பார்த்துக்கொள்ளும் அக்காமாரோடு உட்கார்ந்து துணிப்பந்து, விதை இல்லாத கிலுகிலுப்பை, அட்டைப்பெட்டி ரயில் என்று செய்யப் பழகிக்கொடுத்தாள். அவர்கள் அவளுக்கு மூன்று தாலாட்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள்.

பைண்டிங் எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தாலும் இந்த ஒழுங்கு பயன்படும். முதல் நாள் நான் ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. கிழிந்த புத்தகம் ஒன்றை அவர்களையே பிரிக்கச் சொன்னேன். பழைய பசையைச் சுரண்டி, தாள்களை அடுக்கி, மேசை விளிம்பில் தட்டிச் சமன்செய்து, குத்தூசியால் ஐந்து துளை. இரண்டாம் நாள் தையல். நூலை மெழுகில் இழுத்து, நடுத்துளையில் தொடங்கி, போய்த் திரும்பி, நடுவிலேயே முடிச்சு. ஒரு பையனுக்கு ஒவ்வொரு முறையும் நூல் அறுந்தது. அவன் விரல் கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன விரல், இழுப்பின் வலு அவனுக்கே தெரியவில்லை. நூலை இரட்டையாக்கிக் கொடுத்ததும் சரியானது.

மூன்றாம் நாள் பசை. பூஞ்சைக்குக் காரணமே வெறும் மைதாக் கூழ்தான். கூழ் காய்ச்சும்போது துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தால் பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. துத்தம் விஷம், எனவே பெரியவர் ஒருவர் மட்டும் கையாள வேண்டும், பாத்திரம் சமையலுக்கு வரக்கூடாது, பூட்டி வைக்க வேண்டும். இதை எழுதியே சுவரில் ஒட்டினோம். நாலாம் நாள் நான் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். ஆறு பேரும் தாங்களாகவே பதினொரு புத்தகம் முடித்தார்கள். இரண்டு கோணல். ‘பிரிச்சுத் திரும்பத் தைக்கட்டுமா அண்ணே’ என்று அவர்களே கேட்டார்கள்.

மகள் அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தாள். இரண்டாம் நாளே அவர்களில் ஒரு சிறுமி புத்தகத்தை வாங்கிக்கொண்டு இவளுக்கு வாசிக்கத் தொடங்கிவிட்டாள். மகன் நாலு நாளும் பந்து விளையாடி முழங்கால் தேய்ந்து வந்தான்.

மூன்றாம் நாள் இரவு அம்மா களி கிண்டினார். மாவு அட்டனில் வாங்கிய குரக்கன் மாவு. துடுப்பு இல்லை, கவ்வாத்துக் குச்சி ஒன்றைச் சீவிக் கொடுத்தார்கள். லயத்து அடுப்படியில் புகை கண்ணைக் கரிக்க, அம்மா பானையைக் காலால் அணைத்துக்கொண்டு கிளறுவதைப் பார்த்து, பக்கத்து வீட்டு ஆச்சி, “எங்கம்மா இப்படித்தான் கிண்டுவா. நாங்க ரொட்டிக்கு மாறிட்டோம்” என்றார். எண்பதை நெருங்கிய அவருக்கு அம்மா முதல் உருண்டையைக் கொடுத்தார். தொட்டுக்கொள்ள சம்பல், பிறகு சாயத்தண்ணி (பால் சேர்க்காத டீ). அவருடைய தாயின் ஊர் ‘சேலம் பக்கம்’ என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது.

பன்னிரண்டாம் படி: ஊர் சுற்றல்

இதைக் குற்ற உணர்வோடு செய்யாதீர்கள். நன்றாகச் சுற்றுங்கள், உள்ளூர் வேன், உள்ளூர் விடுதி, உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைக்குப் பணம் போகட்டும்.

மலை ரயில் கட்டாயம். நானுஓயாவில் ஏறி எல்லவில் இறங்கினால், பட்டிப்பொல என்ற உச்சி நிலையத்தைத் தாண்டிப் போவீர்கள், கிட்டத்தட்ட 1,890 மீட்டர். முன்பதிவு ஒரு மாதம் முன்பு திறந்ததும் தீர்ந்துவிடும். தெமோதரைக்கு அருகே 1921-ல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. பிள்ளைகளைத் தண்டவாளத்தில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். நுவரெலியா அருகே சீதா எலிய அம்மன் கோயில் அம்மாவுக்கு. கண்டியில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை நான் முக்கியமாகச் சொல்வேன், காடு கடந்து நடந்துவந்தவர்கள் முதலில் நின்ற ஊர் அது. சிவனொளிபாதமலை ஏறும் பருவம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் (புத்த பௌர்ணமி) வரை. நாங்கள் போனபோது முடிந்துவிட்டது, அடிவாரத்திலிருந்து பார்த்துக் கும்பிட்டோம். சிகிரியா போன்ற இடங்களில் சார்க் நாட்டவருக்கு (இந்தியா உட்பட தெற்காசிய நாட்டவர்) கட்டணச் சலுகை உண்டு, பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

பதின்மூன்றாம் படி: திரும்பிய பிறகு

முதல் வாரத்திலேயே கணக்கை எழுதி அழைத்தவர்களுக்கு அனுப்புங்கள்: என்ன செலவு, என்ன வாங்கினோம், எது அங்கே இருக்கிறது. எது உபயோகப்பட்டது, எது படவில்லை என்று மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள். உடனே கேட்டால் மரியாதைக்கு ‘எல்லாம் நல்லது’ என்றுதான் சொல்வார்கள். பாடப்புத்தகப் பெட்டிகளைப் பற்றி அவர்கள் மனம் திறந்தது நாலாவது மாதத்தில்தான். செய்ய முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள், மறுபடி வருவோம் என்பது உட்பட. நாங்கள் மாதத்தில் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வீடியோ அழைப்பில் பேசுவோம் என்று மட்டும் சொன்னோம். அதைத் தவறவிடவில்லை.

போன மாதம் பேசியபோது, நூல் அறுத்துக்கொண்டே இருந்த அந்தப் பையன் ஒரு புத்தகத்தைக் கேமரா முன் விரித்துக் காட்டினான். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்குத் தைத்துக் கொடுத்தது, கூலிக்கு. முதுகில் ஏழு துளை போட்டிருந்தான். நான் ஐந்துதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஏன் ஏழு என்று கேட்டேன். பெரிய புத்தகத்துக்கு ஐந்து பத்தவில்லை அண்ணே, தாள் ஆடுது என்றான். மறுநாள் கடையில் நானும் ஏழு போட்டுப் பார்த்தேன். ஆடவில்லை.